நாற்சந்தியை நிறுத்திய காரெட் மோர்கன்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி என்ற பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கிறது கிளீவ்லாந்து நகரம். நம் ஊர் மார்கழிப் பனி கண்ணை மறைக்கும். அந்த ஊர்ப் பனி காலை வாரிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை தெருவெல்லாம் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். வண்டிகள் ஏறி ஏறி அழுத்த, அது கண்ணாடிபோல் இறுகிவிடும். பிரேக்கை மிதித்தாலும் கார் உடனே நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். பனியை அள்ளுவது, உப்புத் தூவிக் கரைப்பது, நாற்சந்தியில் வண்டிகளை ஒழுங்குபடுத்துவது, குழாயில் நல்ல தண்ணீர் கொடுப்பது எல்லாம் அங்கே நகர நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த நகரத்தில் 68 ஆண்டுகள் வாழ்ந்து, அதன் குடிநீருக்காக உயிரைப் பணயம் வைத்தவர், அதன் சாலைக்காக மூளையைச் செலவிட்டவர் ஒரு கறுப்பினத்தவர். பெயர் காரெட் அகஸ்டஸ் மோர்கன்.

1877இல் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பில் பிறந்தார். ஊர்ப் பெயரைப் பார்த்துப் பெரிய நகரம் என்று நினைத்துவிட வேண்டாம், சிற்றூர்தான். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பதினொரு பிள்ளைகளில் இவர் ஏழாவது. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. பதினான்கு வயதில் பிழைப்புத் தேடி சின்சினாட்டிக்குப் போனார். கூலி வேலை செய்து கிடைத்த காசில் தனியாக ஆசிரியர் வைத்து ஆங்கிலம் படித்தார். பாதியில் பள்ளியை விட்ட நம் பிள்ளைகள் இந்த ஒரு செய்தியை நினைவில் வைக்கலாம்.

1895இல் கிளீவ்லாந்துக்கு வந்தார். துணி ஆலையில் கிடைத்தது தரை பெருக்கும் வேலை. பெருக்கிக்கொண்டே தையல் இயந்திரங்களைக் கவனித்தார். பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். 1907இல் சொந்தமாகத் தையல் இயந்திரப் பழுதுநீக்கும் கடை வைத்தார். அடுத்த ஆண்டு மேரி ஹாசெக் என்ற வெள்ளையினத் தையல் தொழிலாளியை மணந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது நம் ஊர்ச் சாதி மறுப்பு மணத்துக்குச் சற்றும் குறைந்த துணிச்சல் அல்ல. பிறகு தையல் கூடம், முடியை நேராக்கும் மருந்து விற்கும் நிறுவனம் என்று வளர்ந்தார். கையில் பணம் வந்தது. கார் வாங்கினார்.

பணம் வந்தும் அவர் நின்றுவிடவில்லை. தீயணைப்பு வீரர்கள் புகையில் மூச்சுத் திணறிச் சாவதைத் தடுக்க ஒரு முகமூடியைச் செய்து, 1914இல் காப்புரிமை பெற்றார். அதன் செய்முறை எளிமையானது. சூடான புகை மேலே எழும். தரையை ஒட்டிய காற்று ஓரளவு சுத்தமாக இருக்கும். தலையை மூடும் கெட்டித் துணிக் கவசத்திலிருந்து நீண்ட குழாய்களைக் கீழே தொங்கவிட்டார். குழாய் முனையில் ஈரப் பஞ்சு வைத்தார். கீழே உள்ள காற்று ஈரப் பஞ்சில் வடிந்து, குளிர்ந்து மேலே வரும்.

விற்பதில்தான் சிக்கல். தென் மாநிலங்களில் கறுப்பர் செய்த பொருள் என்று தெரிந்தால் வாங்க மாட்டார்கள். எனவே கண்டுபிடிப்பாளராக ஒரு வெள்ளையரை மேடையில் நிற்க வைத்தார். மோர்கனோ அமெரிக்கப் பழங்குடித் தலைவர் வேடம் போட்டு, புகை மூட்டிய கூடாரத்துக்குள் அந்த முகமூடியோடு புகுந்து இருபது நிமிடம் இருந்துவிட்டு வெளியே வருவார். கூட்டம் கைதட்டும். தான் செய்த பொருளைத் தன் முகத்தோடு விற்க முடியாத நிலை அது. இதைத் தந்திரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவமானத்தின் கணக்காகத்தான் தெரிகிறது.

1916 ஜூலை 24 இரவு. நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர ஈரி ஏரிக்கடியில், நூறடிக்கும் கீழே, நகர நிர்வாகம் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வாயு வெடித்தது. தொழிலாளர்கள் சிக்கினர். காப்பாற்றப் போனவர்களும் விஷவாயுவில் மயங்கி விழுந்தனர். ஒரு குழு போய்த் திரும்பவில்லை. அடுத்த குழுவும் அப்படியே. விடிவதற்கு முன்பு யாருக்கோ மோர்கனின் முகமூடி நினைவுக்கு வந்தது. படுக்கையிலிருந்து எழுப்பினார்கள். தூங்கும் உடையோடு, உடன்பிறந்த ஃபிராங்கைக் கூட்டிக்கொண்டு, முகமூடிகளோடு ஓடினார். கூடியிருந்தவர்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. முதலில் இறங்கியவர் மோர்கனே. உயிரோடு இருவரை வெளியே கொண்டுவந்தார்கள். இறந்தவர்களின் உடல்களையும் மீட்டார்கள். அந்த விபத்தில் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர்.

விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவது நமக்குப் பழக்கமான செய்தி. கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்க, கூட வந்த இன்னொருவரும் இறங்கிச் சாகிறார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்ச ரூபாயாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023 அக்டோபரில். மோர்கன் பஞ்சும் குழாயும் வைத்து முகமூடி செய்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது.

கிளீவ்லாந்து நகர நிர்வாகம் மோர்கனைக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மீட்பில் ஈடுபட்ட வேறு சிலரை வீரர்கள் என்று பாராட்டினார்கள். கார்னகி வீரர் நிதியின் பதக்கமும் வேறு சிலருக்குத்தான் போனது. மோர்கன் மேயருக்குக் கடிதம் எழுதி நியாயம் கேட்டார், பயனில்லை. நகரத்துப் பொதுமக்கள் சிலர் சேர்ந்து வைரம் பதித்த தங்கப் பதக்கம் ஒன்றை அளித்ததுதான் மிச்சம். பத்திரிகையில் படம் வந்ததால் முகமூடியைக் கண்டுபிடித்தவர் கறுப்பர் என்று தெற்கே தெரிந்துபோக, கேட்டிருந்தவர்கள் சிலர் வேண்டாம் என்று விட்டார்கள். அவர்கள் தீயணைப்பு வீரர்கள் புகையில் சாகலாம், கறுப்பர் செய்த முகமூடியைப் போடக் கூடாது!

அவர் இதனால் ஒதுங்கிப் போகவில்லை. 1920இல் கறுப்பின மக்களுக்காக ‘கிளீவ்லாந்து கால்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே காலத்தில்தான் சாலை அவர் கண்ணை உறுத்தியது. குதிரை வண்டி, சைக்கிள், கார், நடப்பவர் எல்லோரும் ஒரே தெருவில். நாற்சந்தியில் ஒரு காரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்டதைப் பார்த்து அவர் மனம் கலங்கியதாகச் சொல்வார்கள். அன்றைய கைகாட்டிகள் பலவற்றில் ‘நில்’, ‘போ’ என்ற இரண்டே கட்டளைகள். ஒரு பக்கம் ‘நில்’ விழுந்த நொடியே மறுபக்கம் ‘போ’. நடுச் சந்தியில் இருப்பவர் என்ன ஆவார்?

மோர்கன் கைகள் பொருத்திய ஒரு கம்பத்தை வடிவமைத்தார். கைப்பிடியைச் சுற்றினால் கைகள் ஏறி இறங்கும். இதில் மூன்றாவதாக ஒரு நிலை உண்டு: எல்லாப் பக்கமும் நில். சந்திக்குள் நுழைந்த வண்டி வெளியேறும், நடப்பவர்கள் கடந்துவிடுவார்கள், பிறகுதான் அடுத்த பக்கத்துக்கு வழி. இரவில் காவலர் இல்லாதபோது கைகளைப் பாதி உயரத்தில் வைத்துவிட்டால், பார்த்துப் போ என்று பொருள். உறைந்த தெருவில், ‘நில்’ என்ற பிறகும் பத்தடி சறுக்கிப் போகிற வண்டிக்கு அந்தச் சில நொடிகள் எவ்வளவு பெரியவை என்பது பனியில் கார் ஓட்டியவருக்குத் தெரியும். 1923 நவம்பர் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு 40,000 டாலருக்கு விற்றதாகச் சொல்லப்படுகிறது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வண்ண விளக்கைக் கண்டுபிடித்தவர் மோர்கன் என்று பேச்சுப் போட்டியில் சொல்லிவிடாதீர்கள். சிவப்பும் பச்சையும் கொண்ட மின்விளக்கு அதே கிளீவ்லாந்தில் 1914இலேயே வந்துவிட்டது. மூன்று வண்ண விளக்கு 1920இல் டெட்ராய்ட்டில் வந்தது. மோர்கன் செய்தது கைகாட்டிக் கம்பம். அதில் எல்லோரையும் ஒருசேர நிற்க வைக்கும் அந்த இடைவெளி. அதுவே போதுமான பெருமை. நம்மவரைப் பற்றிக் கூட்டிச் சொன்னால், உண்மையில் செய்ததையும் நம்பாமல் போக ஆள் காத்திருக்கிறது.

1931இல் மாமன்ற உறுப்பினர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். வேலையற்றோருக்கு நிவாரணம், நல்ல வீடு, தெருவிளக்கு, துப்புரவு, நகர மருத்துவமனையில் இடவசதி என்று வாக்குறுதி கொடுத்தார். நம் பேரூராட்சியில் இன்றும் கேட்கிற அதே பட்டியல். தோற்றுப்போனார்.

1943இல் கண் நீர் அழுத்த நோயால் பார்வை பெரும்பகுதி போயிற்று. அப்போதும் வேலையை விடவில்லை. 1963இல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், சாலைக் கைகாட்டிக்காக அமெரிக்க அரசு பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அவ்வாண்டு ஜூலை 27 அன்று 86 வயதில் காலமானார்.

இன்று கிளீவ்லாந்தில் பனி விழுந்தால் நகராட்சி லாரிகள் உப்புத் தூவிக்கொண்டு போகும். அப்படித் தூவும் உப்பை வெட்டியெடுக்கும் சுரங்கம் ஒன்று அதே ஈரி ஏரிக்கடியில், ஏறத்தாழ 1,800 அடி ஆழத்தில் இருக்கிறது. இப்போதும் ஆட்கள் இறங்கி வேலை செய்கிறார்கள். ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்து வீடுகளுக்கு அனுப்பும் நிலையம் ஒன்றுக்கு 1991இல் காரெட் மோர்கன் என்று நகரம் பெயர் சூட்டியது. சுரங்க விபத்து நடந்து 75 ஆண்டுகள் ஆகியிருந்தன.