பல்லாவரத்தில் பறந்த விடுதிக்காரர்

வானில் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மாந்த இனத்தின் மிகப் பழைய வேட்கைகளுள் ஒன்றாகும். சீவக சிந்தாமணியில் சச்சந்த மன்னன், கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். அதனைச் செய்தவன் கையாண்ட பொருள்களையும் திருத்தக்கதேவர் சுட்டிச் செல்கின்றார். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு என்பன அவை. இவற்றுள் எதுவும் தேவருலகப் பொருளன்று, பட்டறையில் கிடந்தவையே. பறக்கும் பொறி பட்டறையில்தான் பிறக்கும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார் என நாம் கொள்ளலாம்.

கற்பனையில் கண்டதைச் செயலில் காண முயன்றோருள், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ் முன்னிற்கின்றார். இறகுகளைப் பூண்டு காற்றில் மிதந்த அவர், இறங்குகையில் முதுகில் அடிபட்டார் என்று அல்மக்கரீ எழுதியுள்ளார். பறவை இறங்குவதற்கு வால் துணைபுரிவதை அவர் கருதாததே அதற்குக் காரணம் எனவும் அவ்வரலாற்றாசிரியர் குறிக்கின்றார். பின்னர் அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், 1903 டிசம்பர் 17ஆம் நாள் எந்திர விமானத்தில் பறந்தனர். முதல் பறப்பு 12 வினாடி நேரமே நீடித்தது. கடந்த தொலைவு 120 அடி. மிதிவண்டிச் சங்கிலியும் பருத்தித் துணியும் மரச் சட்டங்களும் அந்த விமானத்தின் உறுப்புகளாயின.

இந்த வரிசையில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. அவ்விடத்தைப் பெற்றுத் தந்தவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பார். கார்சிகாத் தீவினராகக் குறிக்கப்படும் இவர், சென்னை மவுண்ட் சாலையில் இனிப்புப் பண்டக் கடை நடத்தினார். பின்னர் அங்கேயே தம் பெயரால் பெரிய விடுதி ஒன்றையும் நிறுவினார். அந்நாளைய சென்னையில் அவ்விடுதியை அறியாத செல்வர் இலர். விருந்தோம்பலும் சமையலுமே அவர்தம் தொழில். பொறியியலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று எவரும் வினவியிருக்கலாம்.

1909 ஜூலை 25ஆம் நாள் பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அச்செய்தி உலகெங்கும் பரவியது. டி ஏஞ்சலிஸ் அதைப் படித்து வியந்ததோடு நின்றுவிடவில்லை. தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதனைச் செய்து தரும் பணியை மவுண்ட் சாலையிலிருந்த சிம்ப்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். 1840இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்றது. 1903இல் நீராவிக் கார் ஒன்றையும் உருவாக்கியிருந்தது. வண்டி கட்டிய கைகளே வானூர்தியும் கட்டின.

1910 மார்ச்சுத் திங்களில் பல்லாவரத்தில் அவ்விமானம் பறந்தது. பின்னர்த் தீவுத்திடலில் பொதுமக்கள் காணவும் அது காட்டப்பெற்றது. அதிலிருந்த எந்திரம் சிறு ஆற்றலுடையதே. வெப்பம் மிகுந்தால் காற்று அடர்த்தி குறையும். இறக்கையைத் தூக்கும் விசையும் எந்திரத்தின் வலுவும் உடன் குறையும். கோடை தொடங்கும் சென்னையில், இத்தகைய எந்திரத்தைக் கொண்டு தரையை விட்டு எழுந்தது சிறிய செயலன்று. அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் விமானங்கள் பறந்தது அவ்வாண்டு டிசம்பரில்தான் என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

எனினும் அவர் பெயர் பாடநூல்களில் இடம்பெறவில்லை. விடுதியும் கைமாறிப் பொசோட்டோ எனப் பெயர் பெற்றது. அவர் பறந்த பல்லாவரத்தை அடுத்தே இன்று மீனம்பாக்கம் வானூர்தி நிலையம் இருக்கின்றது. அங்கு வந்திறங்குவோருள் அவரை அறிந்தோர் மிகச் சிலரே. அவ்விமானத்திற்கு மரம் இழைத்தவர், துணி தைத்தவர், கம்பி முறுக்கியவர் ஆகியோரை அறிந்தோரோ அவரினும் சிலர். மயிற்பொறி செய்தவனுக்கு வாய்த்ததும் இதே நிலைதானே!

இவற்றை இங்கு எழுதக் காரணம் உண்டு. மண்டைக்காட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர், விளம்பரத் தட்டிகளாகப் பயன்பட்டு வீசப்பட்ட நெளிவுப் பிளாஸ்டிக் அட்டைகளை வெட்டி, பழைய பொம்மையின் மோட்டாரைப் பொருத்திச் சிறு விமானம் ஒன்று செய்தார். கடற்கரையில் அதனைப் பறக்கவிடும் முயற்சியில் சில வகுப்புகளுக்கு வரவில்லை. வீட்டார் கடிந்தனர்; நாமும் கடிந்தோம். தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டோம். இனிப்புக் கடைக்காரருக்கு விமானம் எதற்கு என்று கேட்பதும் இதுவும் ஒன்றே என்பது பின்னரே நமக்கு உறைத்தது. ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் கடற்கரையைத் தேர்ந்தது அங்கு வீசும் காற்றுக்காகவும், விழுந்தாலும் தாங்கும் மணலுக்காகவுமே. மண்டைக்காட்டில் இவ்விரண்டும் உண்டு.

வகுப்புக்கு வருதல் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயின் பிள்ளைகளின் கையில் கத்தியும் பசையும் அட்டையும் காணும்போது, பெரியோர்களும் ஆசிரியர்களாகிய நாமும் கடியுமுன் ஒரு கணம் நின்று, என்ன செய்கின்றாய் என்று அன்புடன் கேட்போமாக. அம்மாணவரை மீண்டும் அழைத்து அவ்வாறு கேட்டோம். விமானம் மும்முறை மூக்குக் குப்புற விழுந்தது என்றார். வாலைச் சற்றுப் பெரிதாக்கிப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். குர்துபாவின் அறிஞர் அடிபட்டுக் கற்ற பாடத்தை அவர் தாமே கண்டறிந்திருந்தார்.