மரத்தை வளைத்த தச்சர்

உணவகங்களில் நாம் காணும் வளைந்த முதுகுடைய மரக்கதிரைகளுக்கெல்லாம் முன்னோடியை அமைத்தவர் மைக்கேல் தோனெட். 1796இல் ரைன் நதிக்கரையிலுள்ள பொப்பார்ட் நகரில் பிறந்த இத்தச்சர், மெல்லிய மரக்கீற்றுகளைப் பசையில் கொதிக்கவைத்து வளைக்கும் முறையை 1830களில் கண்டார். ஆயினும் அம்முயற்சி அவரைக் கடனாளியாக்கியது, சொத்துக்களை இழந்தார். ஒஸ்திரிய அதிபர் மெட்டர்னிக்கின் அழைப்பையேற்று, 1842இல் வியன்னா சென்று பிறரிடம் பணியாற்றத் தொடங்கியபோது அவருக்கு வயது 46.

முழு மரத்தை வளைக்கையில் வெளிப்புறம் பிளந்துவிடும். அதனைத் தடுக்க, நீராவியில் பதப்படுத்திய பீச் மரத்தின் வெளிப்புறத்தில் இரும்புப் பட்டியொன்றைப் பிணைத்து வளைத்தார். எளிய உபாயந்தான், ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையை நாம் எளிதாக எண்ணலாகாது. 1859இல் வெளிவந்த 14ஆம் இலக்கக் கதிரைக்குத் தேவைப்பட்டவை 6 மரத்துண்டுகளும் 10 திருகாணிகளும் 2 நட்டுகளுமே. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீற்றர்ப் பெட்டியில் 36 கதிரைகள் அடங்கின. அரண்மனைத் தளபாடங்களில் கைதேர்ந்தவரின் கதிரை, இவ்வாறே சாதாரண மக்களின் கைக்கெட்டியது.

காப்புரிமை 1869இல் முடிவுற்றதும் போட்டியாளர்கள் பெருகினர். 1871இல் வியன்னாவில் அவர் காலமானார். தொழிற்சாலைகளைப் புதல்வர்கள் ஐவரும் தொடர்ந்து நடத்தினர்.