காலை வெட்டாமல் காத்த வைத்தியர்

நயினாதீவில் பனையால் விழுந்த ஒருவருக்குக் கால் முறிந்து, என்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால், குறிகட்டுவானுக்கு வள்ளமேற்றி யாழ்ப்பாணம் அனுப்புகிறோம். காலோடு திரும்புவார் என்று நம்புகிறோம். 1860ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவின் பெரிய வைத்தியசாலைகளிற்கூட இந்த நம்பிக்கை இருக்கவில்லை. தோல் கிழிந்த முறிவு அழுகும். உயிர் காக்கக் காலை வெட்டுவார்கள். வெட்டிய புண்ணும் அழுகிப் பலர் மாண்டனர். இந்நிலையை மாற்றியவர் ஜோசப் லிஸ்ரர்.

அவர் 1827 ஏப்ரல் 5ஆம் திகதி இங்கிலாந்தில், குவேக்கர் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தார். 1860இல் கிளாஸ்கோவில் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார். கெட்ட காற்றே புண்ணை அழுகச் செய்கிறது என்று பலரும் நம்பிய காலம் அது. பிரான்சின் கத்தோலிக்க விஞ்ஞானி லூயி பாஸ்ரரின் ஆய்வுகளைப் படித்த லிஸ்ரர், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணமெனத் தெளிந்தார். கார்லைல் நகரில் கழிவுநீரின் நாற்றம் போக்கக் காபோலிக் அமிலம் பயன்பட்டதை அறிந்து, அதைப் புண்ணுக்கு இட எண்ணினார்.

1865 ஆகஸ்ட் 12ஆம் திகதி, வண்டிச் சில்லு ஏறிக் கால் முறிந்த ஜேம்ஸ் கிறீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். அமிலத்தில் தோய்த்த துணியால் புண்ணை மூடி, காலை அசையாமல் கட்டினார் லிஸ்ரர். நான்கு நாட்களின்பின் அவிழ்த்தபோது சீழ் இல்லை. ஆறு வாரங்களில் என்பு பொருந்தியது.

இத்தகைய 11 பேரின் விபரத்தை 1867இல் வெளியிட்டார். 9 பேர் உறுப்பை இழக்காமல் குணமாகியிருந்தனர். அதே ஆண்டில்தான் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனின் ‘இரண வைத்தியம்’ தமிழில் வெளிவந்தது.

ஏளனம் செய்தவர்கள் பலர். லிஸ்ரர் தளரவில்லை. 1912 பெப்ரவரி 10ஆம் திகதி அவர் இறந்தபோது உலகமே அவர் வழியை ஏற்றிருந்தது.

இன்று புண்ணில் காபோலிக் அமிலம் இடுவதில்லை. மண்ணையும் கிருமியையும் உப்புநீரால் நன்கு கழுவி, செத்த தசையை அகற்றி, கிருமிகொல்லி மருந்தும் ஏற்பு ஊசியும் கொடுக்கிறார்கள். மருந்து எவ்வளவு விரைவில் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. ஆதலால் கடல் கடக்க வேண்டிய நாம், எண்ணெயோ பச்சிலையோ சாம்பலோ புண்ணில் வைக்கலாகாது. வெளிவந்த என்பை உள்ளே தள்ளலாகாது. சுத்தமான துணியால் மூடி, இரத்தம் வடிந்தால் அழுத்தி, மட்டை வைத்து அசையாமல் கட்டி, உடனே வள்ளமேற்ற வேண்டும்.

நல்ல சமாரியனும் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவனைத் தன் மிருகத்தில் ஏற்றிச் சத்திரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான்.