பட்டம் பெற்றபின் பாதை எது?

பொறியியல் பட்டம் பெற்று வீடு திரும்பும் பிள்ளைக்கு எழும் முதற்கேள்வி, மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்பதுதான். செல்வர் வீட்டில் அது விருப்பத்தைப் பற்றிய கேள்வி; உழைப்பாளி வீட்டிலோ உலையைப் பற்றிய கேள்வி! எண்பது ஆண்டுகட்கு முன்னர் இக்கேள்வியைச் சந்தித்தவர் ஒரு பெண், அதிலும் கைம்பெண். அவர்தாம் அ. லலிதா அம்மையார், இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர்.

1919-இல் சென்னையில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்துறைப் பேராசிரியர். ஆண்மக்கள் பொறியாளராயினர், பெண்மக்களுக்கோ கொஞ்சம் படிப்பு, சீக்கிரம் கலியாணம்! லலிதாவுக்கு 15 வயதில் மணம். 18-இல் கணவர் மறைந்தார். மடியில் நான்கு மாதப் பெண் குழவி!

கைம்பெண் என்றால் வைதிகம் அன்று விதித்தது என்ன? மஞ்சள் இல்லை, மலர் இல்லை, மங்கலம் எதிலும் இடமில்லை. மேல்சாதி என்பதால் அந்தக் கொடுமை குறைந்ததா? கூடிற்று! 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, கைம்பெண் மறுமணத்துக்கும் பெண்ணின் சொத்துரிமைக்கும் குரல் கொடுத்தது ஏன் என்பார்க்கு, இந்நிலையே விடை.

மூலையை மறுத்தார் லலிதா, கல்வியை நாடினார். மயிலைக் கடற்கரையோரத்து இராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பு. மருத்துவம் படிக்கலாம், ஆனால் நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையை யார் காப்பது? காலையில் சென்று மாலையில் திரும்பும் தொழில் வேண்டும். ஆகவே பொறியியல்! தந்தை பரிந்து பேசினார், முதல்வர் கே. சி. சாக்கோ இசைந்தார், 1940-இல் கிண்டியின் கதவு திறந்தது. பட்டமும் பெற்றார். ஆண்களுக்கென்றே அச்சிட்டிருந்த சான்றிதழில் ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதினர். ஒரு சொல்லையா அடித்தனர்? ஓராயிரம் ஆண்டு ஆணவத்தை அல்லவா அடித்தனர்!

ஜமால்பூர் இரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி. பின்னர் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை. வேலை பார்த்தபடியே இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேறினார்.

பிறகு வந்தது சோதனை. தந்தை ஆராய்ச்சிக்கு அழைத்தார். புகையில்லா அடுப்பு, மின்சார இசைக்கருவி என்று புதுமைகள் படைத்துக்கொண்டிருந்தார் அவர். மகளும் வந்து துணை நின்றார். அறிவுக்கு அது விருந்து, ஆனால் வருவாய்? குழந்தை வளர்கிறது, செலவும் வளர்கிறது. சில மாதங்களிலேயே ஆராய்ச்சியை விட்டார். 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அறிவு அங்கே அழிந்ததா? இல்லை. மின்தொடர்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்பணியிலும் அவர் உழைப்பு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டுக்குச் சென்றார். மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். 1979-இல் மறைந்தார்.

தோழர்களே! சொந்த ஊதியமே பெண்ணின் முதல் விடுதலை. வேலைக்குப் போனால் படிப்பு முடிந்துவிடும் என்பது வீண் அச்சம். இவ்விரண்டையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது. ஆயினும் நெஞ்சை உறுத்தும் ஒன்று உண்டு. வறுமைக்கு அஞ்சி ஓர் அறிவாளி ஆராய்ச்சியை விட நேர்ந்ததே, அது நாட்டுக்கு நட்டமில்லையா?

அவர் பயின்ற கிண்டிக் கல்லூரி இன்று அண்ணா பெயர் தாங்கும் பல்கலைக்கழகத்தின் அங்கம். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் பிறந்தது. பட்டம் வரைக்கும் பாதை போட்டாயிற்று. பட்டத்துக்கு அப்பால், ஆராய்ச்சிக் கூடம் வரைக்கும் அதை நீட்டவேண்டும். மேலே படிப்பதா, வேலையா என்பதை மகளின் மனம் முடிவு செய்யட்டும். வீட்டின் வெறும்பானை முடிவு செய்யலாகாது!