புலிக்கும் ஒரு சான்ஸ்: யார் இந்த ஜிம் கார்பெட்?

1911 டிசம்பரில் நேபாளத்தில் 5-ம் ஜார்ஜ் மன்னரின் குழு 39 புலிகளைச் சுட்டது. யானைகளை வட்டமாக நிறுத்தி, தப்பிக்க வழியில்லாமல் வளைத்துச் சுடும் வேட்டை அது.

அதே காலத்தில் குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிகளை நடந்தே தேடிப் போனவர், நைனிடாலில் பிறந்த ஜிம் கார்பெட் (1875–1955). 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண் புலியைத் தேடிப்போக அவர் வைத்த நிபந்தனைகள் இரண்டு: பரிசுத் தொகை கூடாது, மற்ற வேட்டைக்காரர்கள் வெளியேறணும். 1907-ல் அதைச் சுட்டார்.

ஆனா, வைஸ்ராய் லின்லித்கோவின் புலி வேட்டைகளுக்கு ஏற்பாடு செய்தவரும் இவரேதான். பிற்காலத்தில் துப்பாக்கியை விட கேமராவையே அதிகம் தூக்கினார்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பொழுதுபோக்குக்காகப் புலியைச் சுட முடியாது. தாயில்பட்டி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கே 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்துவிட்டது. தென் ஆப்பிரிக்காவிலோ வேலிக்குள் வளர்த்த சிங்கத்தைச் சுடுவது பற்றி இன்னும் சண்டை ஓடுது. கேள்வி அதேதான்: தப்பிக்க வழியே இல்லாத விலங்கைச் சுடுவதற்குப் பெயர் வேட்டையா?