வால்போலும் தென்கடற் கம்பெனியும்

இங்கிலாந்தின் முதற் பிரதம மந்திரியென்று சரித்திர நூலார் கூறும் ஸர் ராபர்ட் வால்போல், 1676-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் நார்போக் ஜில்லாவில் ஹௌட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஈட்டனிலும் பின் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். தமையனார் இறந்துவிடவே, 1698-இல் படிப்பை இடையே நிறுத்தித் தந்தையாரின் பண்ணைக்குத் திரும்பினார். பட்டம் பெறாமற் சென்ற அம்மாணாக்கர்க்குக் கணக்கு வழக்கில் நிகரானவர் அக்காலத்துப் பார்லிமெண்டில் அரியர். 1701-இல் அச்சபை புகுந்த அவரை, 1712-இல் எதிர்க்கட்சியார் லஞ்சக் குற்றஞ் சாட்டி லண்டன் கோட்டையில் ஆறு திங்கள் சிறை வைத்தனர். அதனால் அவர் செல்வாக்குக் குறைந்ததென்று சொல்வதற்கில்லை. 1715-இலேயே பொக்கிஷ மந்திரியாயினார். ஈராண்டிற் பதவியை விட்டு விலகினார். அவரது வாழ்வின் பிற பகுதிகளைச் சுருக்கி, 1720-இல் நிகழ்ந்ததையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றேன்.

தென்கடற் கம்பெனி என்பது 1711-இல் தோன்றியது. தென் அமெரிக்காவோடு வாணிகம் செய்வது அதன் நோக்கமென்று கூறப்பட்டது. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்று விற்ற கொடுந்தொழிலும் அதனுள் அடங்கும். ஆனால் அதன் மெய்யான தொழில் சர்க்கார் கடனைச் சுற்றியே நடந்தது. நெடும்போர்களால் சர்க்காருக்குக் கடன் மலைபோற் குவிந்திருந்தது. கடன் கொடுத்த குடிகள் ஆண்டுதோறும் வட்டி பெற்று வாழ்ந்தனர். அவர்கள் தங்கள் கடன் பத்திரங்களைத் தந்து அதற்கீடாகத் தன் பங்குகளைப் பெற்றுக்கொள்ளலாமென்றது கம்பெனி. ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் பவுன் கடனை இவ்வாறு மாற்ற 1720-இல் பார்லிமெண்டின் அனுமதி கிடைத்தது. அவ்வுரிமைக்காகச் சர்க்காருக்கு 75 லட்சம் பவுன் வரை செலுத்துவதாகவும் கம்பெனி வாக்களித்தது.

சூது எங்கிருந்ததென்று வினவலாம். பங்கின் விலை ஏற ஏற, ஒரு கடனை வாங்கக் கொடுக்க வேண்டிய பங்குகள் குறையும். மிஞ்சிய பங்குகளை விற்றால் அத்தனையும் லாபம். ஆகவே விலையை ஏற்றுவதே வியாபாரமாயிற்று. தன் பங்கையே ஈடாக வாங்கிக்கொண்டு, அப்பங்கையே மேலும் வாங்கக் கடன் கொடுத்தது கம்பெனி. மந்திரிமார்க்கும் அரசரைச் சூழ்ந்தோர்க்கும் பணம் பெறாமலே பங்குகளை எழுதிவைத்தது. ஜனவரியில் 128 பவுனாக இருந்த பங்கு கோடையில் 1000 பவுனைத் தொட்டது. ஆண்டு முடியுமுன் தொடங்கிய இடத்திற்கே வீழ்ந்தது.

வால்போல் தொடக்கத்தில் இத்திட்டத்தை எதிர்த்துப் பேசியவர். ஆயினும் தாமும் பங்கு வாங்கியவரே. அவரை ஞானியென்று போற்றுவார் இதனை மறத்தலாகாது. வீழ்ச்சி வந்தபின் நாட்டார் கண்கள் அவரையே நோக்கின. கம்பெனியின் மூலதனத்தில் 90 லட்சத்தை இங்கிலாந்து பாங்கியும் 90 லட்சத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஏற்பதென்று முதலில் ஒரு திட்டம் வகுத்தார். அது சட்டமாகியும் நிறைவேறவில்லை. பின் 1721-இல் செய்ததே முக்கியமானது. கம்பெனி பொதுப் பொக்கிஷத்திற்குத் தருவதாக ஒப்பிய பெருந்தொகை படிப்படியாக முழுவதும் தள்ளுபடியாயிற்று. பங்கை ஈடுவைத்துக் கடன் வாங்கினோர் நூற்றுக்குப் பத்து வீதம் கட்டி விடுபட்டனர். டைரக்டர்களின் சொத்து பறிமுதலாயிற்று.

பத்திரத்தை இழந்த முதியோரும் கைம்பெண்டிரும் பார்லிமெண்டின் வாயிலிற் கூடி முறையிட்டபோது, கலகத் தடைச் சட்டத்தைப் படித்து அவர்களைக் கலைத்தனர். சர்க்காரை நம்பிப் பணம் கொடுத்தவர் அவர்கள், சூதாடியவரல்லர். அவர்களுக்குச் செய்த உதவியை யான் குறை கூறேன். ஆனால் அவ்வுதவியின் நிழலில் ஒதுங்கினோர் வேறு பலர். பொக்கிஷ மந்திரி எய்ஸ்லபி ஒருவர் சிறை புகுந்தார். ரகசியக் கணக்குகளை அறிந்த காசாளர் நைட் கடல் கடந்து ஓடினார். பெருமந்திரி சண்டர்லண்டு பிரபு, 172 வாக்குகளுக்கு எதிராக 233 வாக்குகளால் குற்றமற்றவரென்று விடப்பட்டார். அவருக்காக முன்னின்று வாதாடியவர் வால்போலே. குற்றவாளிகளை மறைக்கும் திரையென்று மக்கள் அவருக்குப் பட்டம் சூட்டினர். நாட்டின் நாணயம் நிலைத்தது. அரசரின் பெயரும் தப்பியது. 1721 ஏப்ரலில் வால்போல் தலைமை மந்திரியாயினார். மூன்றும் ஒரே வேலையின் பயன்கள். அவ்வேலைக்கு விலை கொடுத்தவர் யாரென்பதை மட்டும் எவரும் உரக்கக் கேட்கவில்லை.

பொக்கிஷம் விட்டுக்கொடுத்த பணம் வானத்திலிருந்து பொழிவதன்று. 1730-இல் நீக்கிய உப்பு வரியை 1732-இல் வால்போல் மீண்டும் விதித்தார். தென்கடல் நஷ்டத்திற்கென்று விதித்ததன்று அது. நிலக்கிழார் செலுத்தும் நிலவரியைக் குறைப்பதற்கே. எனினும் குறையை எவர் தலையில் வைத்து நிரப்புவது அவர் வழக்கமென்பது இதனால் விளங்கும். உப்பு வரி இன்னதென்று நம் நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இருபதாண்டிற்கு மேல் ஆண்ட அவர் 1742-இல் பதவி துறந்து ஆர்போர்டு பிரபுவாயினார். ஹௌட்டனில் எழுப்பிய மாளிகையும் அரிய ஓவியங்களும் பெருங்கடனும் வைத்து, 1745 மார்ச்சு 18-இல் இறந்தார். அவ்வோவியங்களைப் பேரனார் 1779-இல் ருஷ்யப் பேரரசி காதரீனுக்கு விற்றார். தென்கடற் கம்பெனியின் பங்கு மூலதனமோ ஒரு நூற்றாண்டிற்கு மேல் சர்க்கார் கடனாகவே கிடந்தது. 1853-இல் கிளாட்ஸ்டன் அதனைப் பிற பழங்கடன்களோடு சேர்த்துப் புதுப் பத்திரங்களாக மாற்றினார். தவணையில்லாத அப்பழம் பத்திரங்களில் எஞ்சியவற்றைப் பிரிட்டிஷ் பொக்கிஷம் 2015-ஆம் ஆண்டிலேதான் தீர்த்து முடித்தது.