சுப்பாராவ்: மெத்தோட்ரெக்ஸேட் மருந்துக்குப் பின்னால் இருந்தவர் யார்?

ரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் டாக்டர்கள் எழுதித் தர்ற மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதற்கு வழிபோட்டவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமாவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கல, எல்.எம்.எஸ். பட்டம்தான். ஹார்வர்டில் ஃபிஸ்கேவுடன் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தும் நிரந்தரப் பதவி இல்லை. 1940-ல் லெடர்லி ஆய்வகம் போனார். அங்கே அவரது குழு உருவாக்கிய அமினோப்டெரின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தது. அதன் அடுத்த வடிவமே மெத்தோட்ரெக்ஸேட்.

எப்படி வேலை செய்யுது? டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளைத் தயாரிக்க உதவும் டி.எச்.எஃப்.ஆர். நொதியை முடக்கிடும், புற்றுசெல் பெருக முடியாது. இப்போ மனித மரபணுவை பாக்டீரியாவில் செலுத்தி அதே நொதியைத் தயாரித்து, புது மருந்துகளைச் சோதிக்கிறாங்க.

அமினோப்டெரின் பற்றிய சிட்னி ஃபார்பரின் கட்டுரை வெளியான இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார். நோபல் பரிசு கடைசி வரை கிடைக்கல.